தட்டிப் பார்த்த சத்தம்

ஆசாத் பாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது குரலை உயர்த்தாமல், நிதானமாக, இது இப்படித்தான் என்று சொல்லிவிட்டால் நம்பிவிடுவார். கத்துகிறவர்களைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவருக்குக் கத்துகிறவர்கள் ஒரு பொருட்டா? காலையில் ஒட்டிய பஞ்சர் மத்தியானம் வரை தாங்கவில்லை என்று ஒருவன் வந்து குதிப்பான். ஆசாத் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் காட்டி, "இது நான் ஒட்டனது இல்லபா, நீ புதுசா வாங்கிக்கினு வந்தது" என்பார். அதோடு சரி. நிதானமாகப் பேசுகிறவர்களிடம்தான் அவர் தோற்றுப்போவார். அப்படி ஒருவரிடம் தோற்றதில் சம்பாதித்த பேரெல்லாம் போனது.

அப்பா அஹமது பாஷா காலத்தில் அது வாடகை சைக்கிள் கடை. தறிக்குப் பாவு நூலைத் தூக்கிக்கொண்டு போகிற நெசவாளியிலிருந்து, கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வரை மணிக்கு இவ்வளவு வாடகை என்று பேசி எடுத்துப் போவார்கள். ஆசாத் கைக்குக் கடை வந்தபோது ஊரே மோட்டார் வண்டிக்கு மாறியிருந்தது. மிச்சம் இருந்தது பஞ்சரும் பிரேக் கட்டையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச சைக்கிளுக்குச் செயின் மாற்றுவதும்தான். அதையும் முகம் சுளிக்காமல் செய்தார். ஆனாலும் உள்ளே ஒரு புகைச்சல். கையில் இவ்வளவு வேலை இருந்தும் ஊர் தன்னைப் 'பஞ்சர் பாய்' என்கிறதே என்று. கூப்பிடுகிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. அதனால்தான் அது அதிகம் வலித்தது.

இந்த நிலையில்தான் செவிலிமேட்டுப் பக்கம் புது வீடுகள் வந்தன. அந்த வீடுகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம் கிளம்பும். உடம்போடு ஒட்டிய சட்டை, தலையில் ஓடு மாதிரி ஒரு தொப்பி, வளைந்த ஹேண்டில் வைத்த ரோட் பைக். திருமுக்கூடல் வரை போய், ஆற்றங்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஒருநாள் அதில் ஒரு வண்டிக்குச் செயின் அறுந்து, தள்ளிக்கொண்டு வந்து ஆசாத் கடையில் நிறுத்தினார்கள். ஸ்டாண்டில் மாட்டலாம் என்று ஆசாத் வழக்கமான பலத்தோடு தூக்கினார். வண்டி அவர் தலைக்கு மேலே போய்விட்டது. அவ்வளவு லேசு. கூட்டம் சிரித்தது. ஆசாத் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அந்த வண்டிகளைச் செய்யும் கார்பன் என்றால் என்ன, எப்படி ஒட்டுகிறார்கள், எங்கே முடுக்கினால் உடையும் என்று போனில் பார்க்க ஆரம்பித்தார். இங்கிலீஷ் வீடியோவில் பாதி புரியாமல் ஓடிவிடும். இந்தியில் சொன்னால் புரிந்தது; வீட்டில் பேசும் உருது அதற்குக் கை கொடுத்தது. ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தெரிந்தவர் மூலம் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினார். போதிய அளவு முடுக்கியதும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர் அது. கார்பனைக் கை வலுவுக்கு முடுக்கினால் நொறுங்கிவிடும். அந்த 'டிக்' கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். இத்தனை வருஷமாக மணிக்கட்டை நம்பி வாழ்ந்த மனுஷர், ஸ்பேனர் சொல்வதைக் கேட்கப் பழகிக்கொண்டார். 'இங்கு ரோட் பைக் கட்டித் தரப்படும்' என்று ஒரு போர்டும் எழுதி வாங்கி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். முதல் வண்டி கட்டி முடித்துத்தான் மாட்டுவது என்று வைராக்கியம்.

முதல் வண்டிக்கு ஆள் கிடைத்தது. ஒருவர் அல்ல, இரண்டு பேர்.

ஒருத்தி ஜோதிகா. செவிலிமேட்டுப் பெண், ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மேய்ப்பவள் அவள்தான். பெரிய கம்பெனி பேர் ஒட்டிய ஃபிரேமுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம், சீனாவில் பேர் போடாத ஃபிரேமே கிடைக்கிறது, வரவழைத்து நாமே கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவள்தான். அவள் சொன்னால் அந்தக் கூட்டம் கேட்கும். அவள் வண்டியை ஆசாத் கட்டினால் மற்றவர்களும் வருவார்கள் என்பது ஆசாத்துக்குத் தெரியும்.

இன்னொருவர் மயில்வாகனம். பிள்ளையார்பாளையத்துக்காரர். நெசவாளிக் குடும்பம், ஆனால் தறியை விட்டு எழுந்து பல காலமாகிறது. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலை பார்க்கிற வேலை. நெசவாளி கொண்டுவரும் சேலையை மேஜையில் விரித்து, கட்டைவிரலை ஒரு ஓட்டு ஓட்டுவார். இழை விட்ட இடத்தில் விரல் தானாக நிற்கும். அப்புறம் சின்ன லென்ஸை வைத்துப் பார்ப்பார். "பழுது" என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. காஞ்சிபுரத்தில் யார் சொல்லையும் சந்தேகப்படுவார்கள், அந்தக் கட்டைவிரலை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள். அவருக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்ல, நடப்பது அலுத்துப்போய் சைக்கிளுக்கு வந்தார். கூட்டத்திலேயே வயதானவர். பேர் போடாத ஃபிரேம் என்றதும் அவருக்குக் குஷி தாங்கவில்லை.

"ஒரே தறியில நெஞ்ச சேலை, இந்தக் கடை லேபிள் ஒட்டினா ஒரு வெல, அந்தக் கடை லேபிள் ஒட்டினா ஒரு வெல. லேபிளையா உடுத்திக்கினு போறாங்க? சாமானைப் பாத்து வாங்கணும் பாய். எனக்கும் ஒண்ணு சொல்லும்மா ஜோதிகா" என்றார்.

மயில்வாகனத்துக்கும் ஆசாத் வீட்டுக்கும் இன்னொரு முடிச்சும் இருந்தது. ஆசாத்தின் மனைவி ருக்ஸானா சேலைக்கு முந்தியில் குஞ்சம் கட்டுகிறவள். அந்த ஜவுளிக்கடையிலிருந்துதான் அவளுக்குச் சேலைகள் வரும். முடித்து அனுப்பியதும் மயில்வாகனத்தின் மேஜைக்குத்தான் போகும். கடையில் பஞ்சர் இல்லாத வாரங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் குஞ்சத்தால்தான். ஃபிரேம் வந்திருக்கிறது, பெரியவர் பார்க்க வருகிறார் என்று ஆசாத் சொன்னபோது ருக்ஸானா கொடுத்த புத்திமதி ஒன்றே ஒன்று: "அவராண்ட ஏட்டிக்குப் போட்டி பேசாதீங்க. அவருக்கு அது பிடிக்காது." அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் போகிற போக்கில் சொன்னாள். சொன்னதை அப்போதே மறந்தும் போயிருப்பாள்.

இரண்டு ஃபிரேமும் ஒரே பெட்டியில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் திருமுக்கூடல் போய்த் திரும்பிய வேர்வையோடு கடை முன்னால் நின்றது. ஆசாத் பெட்டியைப் பிரித்தார். கறுப்பு. பளபளப்பு. மேலே பேர் இல்லை, படம் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் பாவும் ஊடையும் போட்டு நெய்த துணி அப்படியே தெரிந்தது. அதை அச்சில் மடித்துப் பசை ஊற்றி வேக வைத்தால் ஃபிரேம். ஒலிமுகமதுபேட்டைத் தெருவில், காஞ்சிபுரத்துக்காரர்கள் நடுவில், ஒரு சைக்கிள் துணியாக வந்து நிற்கிறது. மயில்வாகனம் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துவிட்டார். எல்லாரும் தானாக வழி விட்டார்கள்.

அந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. துணி என்றதும் அதைச் சொல்ல வேண்டியவர் மயில்வாகனம் என்று அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆசாத்தும் அதில் ஒருவர். மேலே தெரிகிற அந்த ஒற்றைத் துணி அழகுக்குப் போர்த்தியது, பலமெல்லாம் அதற்கு உள்ளே இருக்கும் அடுக்குகளில்தான் என்று இந்தி வீடியோவில் கேட்டிருந்தார். கேட்டது ஞாபகம் இருந்தது. வாயில் வரவில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் சைக்கிளைப் பார்க்கச் சேலைக்காரரை முன்னால் விடுவார்களா?

முதல் ஃபிரேமில் சீட்டுக்குக் கீழே விரல் நின்றது. "ஊடை சாஞ்சிருக்குது. பழுது." உண்மைதான், துணி அங்கே கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. ஜோதிகா சிரித்தாள். "அங்கிள், நான் எப்படியும் மஞ்சள் பெயிண்ட் அடிக்கப் போறேன். அது எனக்கு இருக்கட்டும்." இரண்டாவது ஃபிரேமில் விரல் தலையிலிருந்து கால்வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. லென்ஸ் வைத்து இன்னொரு தரம் பார்த்தார். "இது சேலை" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டம் கை தட்டிவிட்டு நாஷ்டா சாப்பிடக் கிளம்பியது.

எல்லாரும் போன பின் ஆசாத் ஒரு நாணயத்தை எடுத்து ஃபிரேமைத் தட்டினார். ஒட்டு சரியாக இருந்தால் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் செத்துப்போகும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஜோதிகாவின் கோணல் ஃபிரேம் முழுக்க ஒரே மாதிரி டக் டக். மயில்வாகனத்தின் ஃபிரேமும் அப்படித்தான், ஒரு இடம் தவிர. முன்பக்கம் கீழ்க்குழாய் வந்து சேரும் இடத்தில் 'தொப்' என்றது. மறுபடி தட்டினார். 'தொப்.' நாஷ்டாவுக்குப் போகாமல் முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்த மயில்வாகனம் அப்போதுதான் திரும்பி வந்தார்.

"ஐயா, இங்க சத்தம் ஒரு மாதிரி இருக்குது."

மயில்வாகனம் குனிந்து, அந்த இடத்தில் விரலை வைத்தார். ஓட்டிய விரல் எங்கும் நிற்கவே இல்லை. "ஒண்ணும் இல்ல பாய். மொத்தமான எடம், அப்படித்தான் கேக்கும்" என்றார், குரல் உயராமல், நிதானமாக. "நான் பாத்துட்டேன். நீ கட்டு."

தட்டுகிற சத்தத்தை ஆசாத் போனில் பார்த்துத்தான் கற்றார். அந்த விரலோ ஊர் அறிந்த விரல். மொத்தமான இடம் என்றால் சத்தம் மாறத்தான் செய்யும், யார் கண்டது? "சரிங்க ஐயா" என்றார். அதே மொத்தமான இடம் ஜோதிகா ஃபிரேமிலும் இருக்கிறதே, அங்கே ஏன் டக் என்றது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கட்டிய நாட்களைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. ஆசாத் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய ஆக்சா பிளேடால் தண்ணீர் விட்டு விட்டு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டை அளவுக்கு அறுத்தார். மயில்வாகனம் கடை முடிந்து வரும்போது வடை வாங்கி வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து, டார்க் ரெஞ்ச் 'டிக்' என்னும்போதெல்லாம் தலையை ஆட்டுவார். பிரேக் ஒயரும் கியர் ஒயரும் இந்த ஃபிரேமில் குழாய்க்கு உள்ளேயே ஓட வேண்டும். முதலில் ஒரு நூலை உள்ளே விட்டு, அந்த நூலில் ஒயரைக் கட்டி இழுக்க வேண்டும். மயில்வாகனம் அரக்குப் பட்டு இழை கொண்டுவந்தார். வாக்குவம் கிளீனரால் ஒரு பக்கம் உறிஞ்ச, பட்டு இழை குழாய்க்குள் ஓடியது. ஓடி, பாதியில் மாட்டிக்கொண்டது.

மாட்டிய இடம் எது என்று பார்க்க ஆசாத் வெளியே நூலை வைத்து அளந்தார். 'தொப்' என்ற அதே இடம்.

"உள்ள ஏதோ சொரசொரன்னு இருக்குதுங்க ஐயா. அதே எடத்துல."

"இழை முடிச்சு வுழுந்திருக்கும். இன்னொரு தரம் இழு."

ஆசாத் இழுத்தார். இழை அறுந்து, மறு இழை விட்டதும் வந்துவிட்டது. அந்த இரண்டாவது தரம் அவர் கை ஒரு நொடி நின்றது என்பது மட்டும் நிஜம். அப்போது ருக்ஸானாவிடம் அந்தக் கடைச் சேலைகள் நிறைய இருந்தன. ஏட்டிக்குப் போட்டி பேசாதே என்று சொல்லியிருக்கிறாள். கட்ட மாட்டேன் என்று சொன்னால் பெரியவர் முகம் எப்படிப் போகும்? முகம் போனால் அவள் சேலையில் விரல் எங்கே நிற்கும்? இதையெல்லாம் அவர் வரிசையாக யோசித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் கை மறுபடி வேலையைத் தொடர்ந்தது.

வண்டி முடிந்தது. பிள்ளையார்பாளையத்து மனுஷர் அதில் ஏறி உட்கார்ந்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. அடுத்து ஜோதிகாவின் ஃபிரேம். அவள் கேட்ட கியர் சாமான் வராததால் பெட்டியோடு கடையில் காத்திருந்தது. சுவரைப் பார்த்து நின்ற போர்டை ஆசாத் துடைத்து, இரண்டையும் முடித்தே மாட்டலாம் என்று ஆணிக்கு இடம் பார்த்து வைத்தார். முதல் சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. மயில்வாகனம் கூட்டத்தோடு திருமுக்கூடல் வரை போய்வந்தார். "காத்து மாதிரி போவுது பாய்" என்றார். தனக்குக் கேட்ட சத்தம்தான் பொய் என்று ஆசாத்துக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கை என்ன, நம்ப ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் சாலையில், ஒரு வேகத்தடை மேல் ஏறி இறங்கியபோது முன்பக்கம் பிளந்தது. சக்கரம் ஒரு பக்கம், மனுஷர் ஒரு பக்கம். பின்னால் லாரி ஏதும் வரவில்லை, அந்த மட்டும் பிழைத்தார். வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது, முகம் தேய்ந்தது. ஆசாத் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கூட்டம் முழுக்கக் கட்டிலைச் சுற்றி நின்றது. எப்படி உடைந்தது, ஃபிரேமில் ஏதாவது பழுதா என்று யாரோ கேட்டார்கள். மயில்வாகனம் வலியில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த நிதானமான குரலில் சொன்னார்: "ஃபிரேமை நானே லென்ஸ் வச்சுப் பாத்தேன். ஒரு பழுது இல்ல."

ஆசாத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, தன் விரலை அவர் அப்படித்தான் நம்பினார். ஆனால் ஃபிரேமில் பழுது இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? கட்டிய கைதான். அத்தனை கண்ணும் ஒரு தரம் ஆசாத் மேல் விழுந்து, மரியாதைக்கு விலகிக்கொண்டன. டார்க் ரெஞ்ச் என்று ஒன்று தன்னிடம் இருக்கிறது, ஒவ்வொரு முடுக்கும் 'டிக்' கேட்டுத்தான் நிறுத்தினேன் என்று சொல்ல ஆசாத் வாயைத் திறந்தார். அடிபட்டுக் கிடக்கிறவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்பேனரைப் பற்றி என்னத்தைப் பேசுவது?

ஊருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். இரும்பு சைக்கிளைப் பலம் கொண்ட மட்டும் முடுக்கிய கை, கார்பனையும் அப்படியே முடுக்கியிருக்கும். பாவம், பஞ்சர் பாய்க்கு எதற்கு இந்த வேலை? டீக்கடையில் பேசினார்கள், வாட்ஸ்அப்பில் பேசினார்கள். ஆசாத்திடம் நேரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாரே!

கேட்டவள் ஜோதிகா ஒருத்திதான். ஆஃபீஸ் போகும் வழியில் கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினாள். "அண்ணா, என் பெட்டியை எடுத்துக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"உன் ஃபிரேம் நல்லா இருக்குதும்மா. மேல கோணலே தவிர, உள்ள கல்லு மாதிரி. நான் தட்டிப் பாத்தேன்."

அவள் நின்றாள். கெட்டிக்காரப் பெண். "அங்கிளோட ஃபிரேமையும் தட்டிப் பாத்தீங்களாண்ணா?"

எவ்வளவு சின்னக் கேள்வி! இல்லை என்றால் வேலை தெரியாதவர். ஆமாம் என்றால், செத்த சத்தம் கேட்டும் கட்டிக் கொடுத்து, ஒரு மனுஷரை அதில் ஏற்றி அனுப்பியவர். தொட்டியில் மிதந்த ட்யூபை ஆசாத் அமுக்கிக் குமிழி தேட ஆரம்பித்தார். ஜோதிகா பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் நெட்டுக்குத்தாக நிறுத்தி எடுத்துக்கொண்டு போனாள்.

உடைந்த வண்டி ஆசாத்திடமே திரும்பி வந்திருந்தது. அன்றைக்கே அதை இறுகப் பிடிக்கும் வைஸில் மாட்டி, அந்தக் கீழ்க்குழாயை நீளவாக்கில் அறுத்தார். வெளியே துளிப் பிசிறு இல்லாத நெசவு. உள்ளே அடுக்குகள் மடிந்து, பசை சேராமல், நகம் நுழைகிற அளவுக்குப் பிரிந்து கிடந்தன. உடைசல் தொடங்கியது அங்கேதான். முடுக்கிய இடங்களில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த மடிப்பின் வாயில் அரக்கு நிறத்தில் ஒரு துண்டுப் பட்டு இழை மாட்டிக்கொண்டு நின்றது. ஆசாத் அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. தன்மேல் பழி இல்லை என்பதற்கு அத்தாட்சியும் அதுதான், தன்மேல் பழி உண்டு என்பதற்கு அத்தாட்சியும் அதுதான்.

துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனார். மயில்வாகனம் வலது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் சேலை பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே பெஞ்சில் நெசவாளிகள். ஆசாத் அவர்கள் எல்லாரும் போகிறவரை மூலையில் நின்றார். பிறகு துணியை அவிழ்த்து, மேஜையில் வெள்ளை விரிப்பின் மேல் அந்தத் துண்டை மல்லாக்க வைத்தார்.

மயில்வாகனம் இடது கட்டைவிரலை உள்ளே ஓட்டினார். விரல் நின்றது. அரக்கு இழையைப் பார்த்தார். லென்ஸை எடுக்கவில்லை.

"உள்ள சேரவே இல்லியே" என்றார், தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தம் செத்திருந்துச்சு. சொன்னேன் ஐயா. நூல் மாட்டனப்பவும் சொன்னேன்."

"சொன்னே." அவர் மறுக்கவில்லை. "நான் துணி பாக்கறவன். வெளிய பாத்தேன், இல்லன்னேன். எனக்கு உள்ள தெரியாது. உனக்குத் தெரிஞ்சுது. அப்பால ஏன் பாய் கட்டின?"

ஆசாத் விரிப்பில் உதிர்ந்திருந்த கறுப்புத் தூளை விரலால் ஒற்றி எடுத்தார்.

"ஒரு நெசவாளி வந்து, 'பழுது இருக்குது, நீங்க நெய்யச் சொன்னீங்கன்னு நெஞ்சிட்டேன்'னு சொன்னா நான் அந்தச் சேலையை வாங்குவனா? கட்ட மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே. நான் உன்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

பதில் மேஜையின் வலது பக்கத்திலேயே இருந்தது. ருக்ஸானா குஞ்சம் கட்டி அனுப்பிய சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன, இன்னும் பார்க்கவில்லை. ஆசாத்தின் கண் தானாக அங்கே போய்விட்டது. போனதை மயில்வாகனம் பார்த்துவிட்டார். ஊரிலேயே கூர்மையான கண் அல்லவா! அவர் முகத்தில் என்னவோ ஆடி அடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"இதை யார் யாருக்குக் காட்டின?"

"உங்களுக்குத்தான் மொதல்ல."

"இங்க வச்சிட்டுப் போ" என்றார் மயில்வாகனம், குரல் உயராமல்.

இந்த இடத்தில் ஆசாத் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். செவிலிமேட்டுக்கு நேராகப் போய் ஜோதிகாவிடம் காட்டியிருக்க வேண்டும். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சுற்றி வந்த துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு, "வரேங்க ஐயா" என்று படி இறங்கிவிட்டார்.

ஜோதிகா தன் ஃபிரேமைச் சென்னையில் கொடுத்துக் கட்டினாள். மஞ்சள் வண்டி. ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் போகும்போது கையை ஆட்டுவாள். ஆசாத்தும் ஆட்டுவார். அது உடையாது, எத்தனை வருஷம் ஆனாலும் உடையாது என்று அவருக்குத் தெரியும். எழுதி வாங்கிய போர்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டார். எழுத்து கீழ்ப்பக்கம்.

வீட்டில் அவர் நாணயம் தட்டிய கதையைச் சொல்லவில்லை. சொன்னால், ஏன் கட்டினீர்கள் என்று ருக்ஸானாவும் கேட்பாள். அவளுக்கு உண்மையைச் சொன்னால் அன்றிலிருந்து அவளால் ஊசியைத் தொட முடியாது. ஊர் நினைத்ததையே அவளும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட வந்தபோது கூடம் முழுக்கச் சேலையாக இருந்தது. வழக்கமாக வருவதைப் போல இரண்டு பங்கு. எல்லாம் முகூர்த்தப் பட்டு; இதுவரை அவளுக்குக் கொடுக்காத சேலைகள். நடுவில் ருக்ஸானா, மடியில் அரக்கு முந்தி, முகமெல்லாம் சிரிப்பு.

"மயில்வாகனம் ஐயா சொல்லி அனுப்பிச்சிருக்காருங்க. இன்னமே கல்யாணச் சேலை எல்லாம் எனக்குத்தானாம். எத்தினி வருசமா கேட்டுக்கினு இருந்தேன்!"

ஆசாத் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பேச்சு நிற்கவில்லை.

"நீங்க கட்டின வண்டியில வுழுந்து எலும்பு முறிஞ்ச மனுஷன். வேற யாரா இருந்தாலும் நம்ம வாசல் பக்கம் திரும்புவாங்களா? மனசுல ஒண்ணுமே வச்சுக்கல பாருங்க."

"ஆமா" என்றார் ஆசாத்.

"நீங்க ஒருதரம் நேர்ல போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுங்களேன். கேட்டா என்ன கொறஞ்சிடப் போவுது?"

ஆசாத் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"போறேன்" என்றார்.